பூட்டன் ஊரும் சேமக்காலையும்: கொழும்பிலிருந்து குடும்பமாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாடசாலை விடுமுறை நெருங்கினால், மூத்தவர்களின் ஊரையும் சேமக்காலையையும் (கல்லறைகள் உள்ள இடம்) தேடிப் போவது பற்றி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை எல்லா இடத்திலும் இதே சந்தேகங்கள்தான் வரும். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். வடக்கைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் அதுவே நீளம். மலையகம், முஸ்லிம் குடும்பங்களுக்கான விஷயங்கள் பின்பாதியில் வருகின்றன.

ஊருக்குப் போக வெளிக்கிடுறம். முதல்ல என்ன செய்யவேணும்?

வாகனத்தைப் பிறகு பாருங்கள். முதலில் குடும்பத்தில் மூத்தவரை உட்காரவைத்துப் பேசுங்கள். "எங்கட ஊர் சாவகச்சேரி" என்பது போதாது. குறிச்சி என்ன, எந்தக் கோயில் அல்லது எந்தத் தேவாலயப் பங்கு, காணிக்கு என்ன பெயர், வீட்டுக்காரரை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்று நான்கும் தெரிய வேண்டும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொன்னால் ஊரில் பலருக்கு விளங்காது. "பரியாரியார் வீடு", "ஓவசியர் வளவு", "சட்டம்பியாற்ற பேரன்" என்றால் ஒழுங்கை முனையில் நிற்பவரே வழி காட்டுவார்.

வயதானவரிடம் "வீடு எங்கே?" என்று நேரடியாகக் கேட்டால் பதில் மங்கலாகத்தான் வரும். எந்தச் சந்தியில் பஸ்ஸால் இறங்குவீர்கள், நல்ல தண்ணிக்கு யார் வீட்டுக் கிணற்றுக்குப் போவீர்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒழுங்கையால் குறுக்கே போவீர்கள் என்று கேளுங்கள். கால் நடந்த வழி நினைவில் நிற்கும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், கைபடக் குறிப்பு எடுத்தால் பாதி விட்டுப்போகும்.

எங்கட அப்பப்பா இல்லை, சொல்ல ஆளும் இல்லை. பேப்பர்ல எங்க தேடலாம்?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம் என்றால் முதலில் கல்வெட்டைத் தேடுங்கள். அந்தியேட்டியன்று (இறந்தவருக்கான கிரியை நாள்) அச்சடித்துக் கொடுக்கும் அந்தச் சிறு புத்தகத்தில் வம்சாவளி, யார் யாரை எந்த ஊரில் கட்டினார்கள், பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சம்பந்தி வீட்டு அலுமாரியில் இருக்கும். நூலகம் இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய மின்வருடியிருக்கிறார்கள். பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் ஊரால் தேடுங்கள்.

அடுத்தது காணி உறுதி. அதில் இறைப் பெயர் (காணி சேர்ந்த பழைய பிரிவின் பெயர்), காணியின் பெயர், நாலு பக்கத்து எல்லைக்காரரின் பெயர்கள் இருக்கும். வீடு இடிந்துபோயிருந்தாலும் எல்லைக்காரரின் சந்ததி பக்கத்தில் இருக்கக்கூடும். பரப்புக் கணக்கில் குழம்ப வேண்டாம், 16 பரப்பு ஒரு ஏக்கர். இறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்த ஆண்டும் பதிவான பிரிவும் தெரிந்தால் தேடுதல் சுலபம். கிறிஸ்தவர்களுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. ஒல்லாந்தர் காலம்வரை போக ஆசைப்படுகிறவர்கள் கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோம்புகளை (அந்தக் காலக் காணிப் பதிவேடுகளை) பார்க்கலாம். அது ஒல்லாந்த மொழியில் இருக்கும், ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலையில்லை.

எந்த றோட்டால போறது நல்லம்?

யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பெரும்பாலானோர் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகப் போய், அநுராதபுரம் தாண்டி ஏ9 இல் ஏறி, மதவாச்சி, வவுனியா ஊடாகப் போகிறார்கள். நின்று இறங்கிச் சாப்பிட்டுப் போனால் எட்டு, ஒன்பது மணித்தியாலம். விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டால் நீர்கொழும்பு நெரிசலும் தப்பும், மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணமும் போய்ச் சேரலாம்.

மன்னாரிலோ பூநகரியிலோ உறவு இருந்தால் மதவாச்சியில் திரும்பி மன்னார் வீதியைப் பிடியுங்கள். அங்கிருந்து ஏ32 வழியாகப் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி. பாலம் 2011 இல் திறந்த பிறகு இது நல்ல வழி, வாகனமும் குறைவு. ஆனால் கடைகளும் பெற்றோல் செட்டுகளும் குறைவு, ஆகவே மன்னாரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கமும், மதவாச்சி–மன்னார் வீதியிலும் இருட்டினால் யானை வரும். அந்தத் துண்டுகளைப் பகலில் கடக்கும்படி நேரத்தைப் போடுங்கள்.

ஏ9 நேராகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் கால் தானாக அழுத்தும். கார்களுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 தான். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் மர நிழலில் பொலிஸ் நிற்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்கு எல்லா வாகனமும் நிற்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வறுத்த கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவது சைவர் வேதக்காரர் பேதமில்லாத வழக்கம்.

சொந்த வாகனமா, ஹயருக்கு வானா?

அஞ்சு பேருக்கு மேல் என்றால் வான். வாடகை பேசும்போது நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் சேர்ந்தது, மேலதிகத்துக்கு என்ன, சாரதியின் இராத் தங்கலும் சாப்பாடும் யாருடைய செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவது பெரும்பாலும் மேலதிக கிலோமீற்றரில். ஊருக்குப் போன பிறகு சித்தி வீடு, மாமி வீடு, கீரிமலை என்று ஓடுவது போகவர ஓடுவதில் பாதியளவு வந்துவிடும், அதை எவரும் முதலில் கணக்குப் போடுவதில்லை.

உயரமான வான் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்குள் திரும்பாது. இரண்டு பக்கமும் மதில், மேலே வேலியால் எட்டிப் பார்க்கும் கிளுவங்கொப்பு. பெரிய வீதியில் விட்டுவிட்டு நடவுங்கள், நடக்க முடியாத அம்மம்மாவுக்கு ஒரு ஓட்டோ பிடியுங்கள்.

எந்த மாசம் போகலாம்?

பங்குனி முதல் புரட்டாதிவரை வடக்கில் மழை குறைவு, வெயில் கடுமை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெருமழை. சேமக்காலைப் பாதைகளும் வயல் வரம்புகளும் தண்ணீருக்குள் போய்விடும். துப்புரவு வேலை இருந்தால் மாசி, பங்குனி மிகப் பொருத்தம். புல் காய்ந்திருக்கும், கல்லறை கண்ணுக்குத் தெரியும்.

ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேற்றம், பிறகு 25 நாள் திருவிழா. அதே காலத்தில் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவும் வரும். வெளிநாட்டுச் சனமும் சேர்ந்துவிடும், அறை கிடைக்காது. கத்தோலிக்கக் குடும்பங்கள் நவம்பர் 2, மரித்த விசுவாசிகள் தினத்தைக் குறிவைக்கிறார்கள். அன்று சேமக்காலை துப்புரவாக இருக்கும், ஊரார் எல்லாரும் அங்கேயே நிற்பார்கள். உறவு விசாரிக்க அதைவிட நல்ல நாள் இல்லை. மழை வரும் என்று தெரிந்தே போங்கள்.

ரெண்டு நாளில அம்மா ஊர், அப்பா ஊர், மன்னார் எல்லாம் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஒன்றும் பார்க்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று வையுங்கள். ஊரில் ஒருவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் அது மனத்தாங்கல், அப்படி நாலு வீடு இருக்கும்.

லண்டன் பாஸ்போர்ட்காரர் வாறார். வடக்குக்குப் போக அனுமதி எடுக்கணுமா?

வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை 2015 ஜனவரியில் நீங்கியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியும் அதே ஆண்டு போய்விட்டது. அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதியைக் கையில் வைத்திருந்தால் போதும். முகாம்களையும் காவலரண்களையும் படம் எடுக்க வேண்டாம், ட்ரோனைக் கொழும்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மயானத்துக்குப் போனா கோயிலுக்குப் போகேலாதாமே?

அதனால் போகிற வரிசையை மாற்றிப் போடுங்கள். காலையில் குளித்துக் கோயில், பின்னேரம் மயானம், திரும்பி வந்து தலைமுழுகல். சேமக்காலைக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போக வேண்டி வந்தால் இடையில் குளித்து உடுப்பு மாற்ற ஒரு வீடோ அறையோ ஒழுங்கு செய்யுங்கள்.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பது யாழ்ப்பாணத்துச் சைவ வழக்கம். இப்போது போகிறவர்களும் இருக்கிறார்கள். ஊரிலுள்ள பெரியம்மாவிடம் முதலே பேசிவிடுங்கள். வாசலில் வைத்து வாக்குவாதப்பட்டால் வந்த நோக்கமே கெடும்.

நாங்கள் சைவம், எரிச்சிட்டம். பார்க்க என்ன இருக்கு?

கல்லறை இருக்காது, இடம் இருக்கும். கோம்பயன்மணல் போன்ற மயானங்களில் ஆளுக்கென்று அடையாளம் பெரும்பாலும் கிடையாது. அஸ்தி கரைத்த இடம் கீரிமலையாக இருந்தால் அங்கே போங்கள். நகுலேஸ்வரத்தை ஒட்டிக் கடலோரம் உள்ள கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடம் தனித்தனி. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாயை இழந்தவர்கள் சித்திரா பூரணைக்கும் போவது வழக்கம். மற்ற நாளில் தர்ப்பணம் செய்ய வேண்டுமானால் ஐயரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

ஊருக்குள் வேறு சில அடையாளங்களையும் தேடலாம். இறந்தவர் பெயரால் கட்டிய மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல் (மாடு உடம்பு உரஞ்ச நாட்டும் கல்), கோயில் மணி, திருவிழா உபயம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். வீதியோரச் சுமைதாங்கிகளையும் கவனியுங்கள். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது பழைய வழக்கம். சிலதில் பெயர் வெட்டியிருக்கும், சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்திருக்கும்.

சேமக்காலையில எங்கட கல்லறையைக் கண்டுபிடிக்கேலாம இருக்கு. ஆரிட்டக் கேக்கிறது?

கோவில் சேமக்காலை என்றால் பங்குத்தந்தையிடம் முதலில் போனில் பேசி, இறந்த ஆண்டைச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனால் கோவில் மூப்பரும் நிற்பார், அவருக்கு வரிசை தெரியும். பொதுமயானம் என்றால் பிரதேச சபை அல்லது மாநகர சபை, இந்து மயானத்துக்கு ஊரின் மயான சபை. இவையெல்லாம் தெரியாவிட்டால் விதானையாரிடம், அதாவது கிராம சேவகரிடம் போங்கள். அவர் புதியவராக இருந்தாலும் ஊரில் மூத்தவர் யார் என்று சொல்வார்.

குடும்பக் கல்லறைகள் பெரும்பாலும் பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு பெயர் கிடைத்தால் அதைச் சுற்றித் தேடுங்கள். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் கிழக்கிலும் முல்லைத்தீவிலும் கரையோரத்தில் கல்லறையும் பதிவேடும் சேர்ந்தே போன இடங்கள் உண்டு. அப்படியான இடத்தில் ஊரவரின் நினைவுதான் ஆதாரம்.

கல்லறையைக் கழுவ என்ன கொண்டுபோகணும்?

கத்தி, மண்வெட்டி, தும்புத்தடி, நார் பிரஷ் இரண்டு, வாளி, 20 லீற்றராவது தண்ணீர், தடித்த கையுறை, மூடின சப்பாத்து. சேமக்காலைக்குள் குழாய் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். புல்லுக்குள் கால் வைக்க முன் தடியால் தட்டுங்கள். யாழ்ப்பாணத்துக் கற்குவியலுக்குள் புடையனும் நாகமும் இருக்கும். கடித்தால் வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பழைய கல்லறைகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. குளியலறைக்கு ஊற்றும் அசிட் அதில் பட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், எழுத்தும் கூடவே போகும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். முதலில் தண்ணீரால் நனைத்து அரை மணித்தியாலம் விட்டு, நார் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தேயுங்கள். பாசி ஒரே நாளில் போகாவிட்டால் போகட்டும்.

அதிகம் பிழையாகிப் போவது திருத்த வேலைதான். ஊர் மேசன் நல்ல மனத்தோடு சீமெந்தால் பூசிவிடுவார். உள்ளே உள்ள சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட வழியில்லாமல் உப்புப் பூத்து, ரெண்டொரு மாரிக்குப் பிறகு சீமெந்துப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், பழைய கல்லின் முகத்தையும் இழுத்துக்கொண்டு. சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள். எமல்ஷன் பெயின்றும் இதே சேதத்தைத்தான் செய்யும். எழுத்து வெட்டிய பலகைக்கு எதுவும் பூச வேண்டாம்.

எழுத்து தேஞ்சுபோச்சு. எப்படி வாசிக்கிறது?

உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. விடியலில் அல்லது பொழுது சாயும்போது போங்கள். முடியாவிட்டால் ஒரு போர்வையால் நிழல் கட்டி, போன் வெளிச்சத்தைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, நாலு பக்கத்தாலும் படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். சோக்கால் தேய்ப்பது, கரி பூசுவது கல்லைக் கெடுக்கும்.

வாசிக்கும்போது தடக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கலாம். க, உ, எ, அ என்று தனி எழுத்துப் போலத் தெரிவது 1, 2, 7, 8 ஆக இருக்கக்கூடும். இரண்டு, ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கும். "பிரமாதி வருடம்" என்றால் 1939–40, அறுபது ஆண்டு முன்னே 1879–80, பின்னே 1999–2000. எது என்பதைக் கல்லறையின் கட்டுமானமும் பிள்ளைகளின் வயதும் சொல்லும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் பிரமாதி பங்குனி என்றிருந்தால் அது 1940 மார்ச் நடுப்பகுதிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையில்.

திதி தெரியாது, திகதி மட்டும் தெரியும். எப்ப திவசம் செய்யிறது?

முதலில் மேலே சொன்ன கல்வெட்டைப் பாருங்கள். அதில் திதி வெண்பா என்று ஒரு பாட்டு இருக்கும். ஆண்டு, மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, எந்தத் திதி என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கியிருக்கும். கல்வெட்டு இல்லாவிட்டால் இறந்த திகதியோடு நேரத்தையும் ஐயரிடம் கொடுங்கள். திதி நள்ளிரவில் மாறுவதில்லை, எந்த நேரமும் மாறும். நேரம் இல்லாமல் திகதியை மட்டும் கொடுத்தால் ஒரு திதி முன்பின் போகலாம்.

வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சில நாட்களில் வேறு வேறு திதி காட்டும். தலைமுறையாக வீட்டில் எதைப் பார்த்தார்களோ அதையே பாருங்கள். அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாகப் பார்த்து ஒரே அப்பாவுக்கு இரண்டு நாளில் திவசம் செய்கிற வீடுகள் கொழும்பில் இருக்கின்றன. எதுவுமே தெரியாவிட்டால் புரட்டாதி மகாளய அமாவாசை இருக்கிறது.

எங்கட வீட்டில வேற ஆக்கள் இருக்கினம். போய்ப் பாக்கலாமா?

போகலாம், காணிக்காரராகப் போக வேண்டாம். முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மூலமோ விதானையார் மூலமோ சொல்லியனுப்புங்கள். படலையில் நின்று கூப்பிடுங்கள், உள்ளே கூப்பிட்டால் மட்டும் போங்கள். அங்கிருப்பவரும் இன்னொரு ஊரிலிருந்து இடம்பெயர்ந்தவராக இருக்கலாம். உறுதியைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் அவர் உங்களைப் பார்ப்பார், வீட்டைக் காட்ட மாட்டார்.

காணிப் பிரச்சினை இருந்தால் அதற்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள். பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை கோர வழி தரும் சட்டம் இங்கே உண்டு. யுத்தத்தால் வரமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இல் விசேட ஏற்பாடும் வந்தது. உங்கள் காணிக்கு எது பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்தில் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) தெரிந்த சட்டத்தரணியிடம் கேளுங்கள், முற்றத்தில் நின்று பேசித் தீர்க்கிற விஷயமில்லை. ஆளில்லாத வீடு என்றால் வேறு ஆபத்து. கட்டில்லாத கிணறு பற்றைக்குள் மூடுண்டு கிடக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊர் வலிகாமம் வடக்கு. இப்ப உள்ள விடுறாங்களா?

1990 இல் இடம்பெயர்ந்த பகுதிகளில் கணிசமானவை 2015 க்குப் பிறகு துண்டு துண்டாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 இல். இன்னும் படையினரிடம் உள்ள காணியும் இருக்கிறது. ஆகவே குறிச்சிப் பெயர் இல்லாமல் பதில் சொல்ல முடியாது. புறப்பட முன் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வேலியைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டாம்.

வன்னியிலும் முகமாலைப் பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள், உள்ளே உங்கள் பூட்டன் வீடே தெரிந்தாலும். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம்.

நெடுந்தீவுக்கு வாகனத்தோட போகேலுமா?

பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான்வரை வாகனம் போகும். அங்கே நிறுத்திவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் ஓடும். குமுதினி, வடதாரகை போன்ற படகுகள் நாளுக்குச் சில தடவைதான், காற்றுக் கடுமையானால் அதுவும் நிற்கும். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏற முன்னமே கேளுங்கள். தீவுக்குள் ஓட்டோ பிடிக்கலாம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே நல்ல தண்ணீர் அரிது.

நாங்க யாழ்ப்பாணத்து சோனகர். மூத்தாப்பாட கபுறு இருக்குமா?

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு மையவாடிகள் ஆண்டுக்கணக்கில் காடு பற்றிக் கிடந்தன. திரும்பி வந்த குடும்பங்கள் துப்புரவாக்கிய இடங்களில் மீசான் கல் (கபுறுக்கு அடையாளமாக நட்ட கல்) சில மிஞ்சியிருக்கும். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, வெறும் கல்தான். ஆகவே கபுறு எங்கே என்பதைவிட எந்தப் பள்ளிவாசலின் மையவாடி, எந்தப் பக்கம், எந்த மரத்தடி என்பதைப் புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கும் மூத்தவர்களிடம் முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போகும் முன் பள்ளிவாசல் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள், திறப்பு அவர்களிடம் இருக்கும். கபுறின் மேல் மிதிக்காமல், உட்காராமல், ஸலாம் சொல்லி யாசீன் ஓதி துஆ கேட்டு வரலாம். இடம் சரியாகத் தெரியாவிட்டால் வாசலில் நின்று எல்லாருக்குமாகக் கேட்கலாம். பெண்கள் ஸியாரத் போவதில் ஊருக்கு ஊர் கருத்து வேறு, அங்கத்தைய வழமையைக் கேட்டு நடவுங்கள். கல்லறை கட்டும் திட்டத்தோடு போகாதீர்கள், பல ஜமாஅத்கள் இடம் கொடுக்க மாட்டா.

எங்க தாத்தாவ தோட்டத்துல பொதைச்சாங்க. எடம் தெரியல. என்ன செய்யலாம்?

தோட்டத்துக்கு ஆவணத்தில் ஒரு பெயர், சனம் சொல்வது இன்னொரு பெயர். இரண்டையும் டிவிஷனையும் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டங்கள் 1972, 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் கம்பனிகளின் கைக்கு வந்தன, அதற்கிடையில் பழைய செக்ரோல்கள் (தொழிலாளர் பதிவேடுகள்) நிறையத் தொலைந்தன. என்றாலும் ஒப்பீசில் கேட்டுப் பாருங்கள். லயத்தில் மூத்த ஆளையும் கோயில் தலைவரையும் கேட்டால் அதைவிட வேகமாக விஷயம் வரும். புதைக்கும் இடம் பெரும்பாலும் தேயிலை வைக்க முடியாத சரிவிலோ ஆற்றோரமோ இருக்கும். குழியில் நட்ட குரோட்டன் செடி ஒன்றுதான் அடையாளமாக நிற்கும். பழைய மஸ்கெலியா போல மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போன இடங்களும் உண்டு, வறட்சியில் நீர் வற்றும்போது அங்கே பழைய கோயில் வெளியே தெரியும்.

ஹட்டனுக்கு அவிசாவளை, கித்துல்கல வழியாக 130 கிலோமீற்றர் அளவுதான், ஆனால் நாலு மணித்தியாலம் வையுங்கள். வைகாசி முதல் புரட்டாதிவரை மழையும் பனிமூட்டமும், மண்சரிவும் வரும். தோட்டப் பாதையில் பதிந்த கார் அடிபடும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் உறவில் பாதி இந்தியா போயிருந்தால் அவர்களின் பழைய கடவுச்சீட்டில் தமிழ்நாட்டுக் கிராமமும் தாலுகாவும் எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மாமா 2009 இல வன்னியில இல்லாமப் போனார். எங்க போய்க் கும்பிடுறது?

இடம் தெரியாத குடும்பங்கள் பல மே 18 இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகின்றன. மற்ற நாளில் நந்திக்கடல் கரையில் பூப்போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். திவசத்துக்குக் கடைசியாகக் கண்ட நாளை எடுப்பார்கள், அல்லது மேலே சொன்ன மகாளய அமாவாசையை. காணாமற்போனவர் என்ற நிலையில் இருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்காமலே, 2016 திருத்தத்தின்படி, காணாமை பற்றிய சான்றிதழ் பெறலாம். எதை எடுப்பது என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபடும், பயணத்தின் நடுவில் அதைப் பேச வேண்டாம்.

மாவீரர் துயிலும் இல்லங்களில் கல்லறைகள் யுத்தத்தின்பின் இடிக்கப்பட்டன. சில காணிகளில் இப்போது படைமுகாம். நவம்பர் 27 போகிறவர்கள் அந்த ஆண்டு நிலைமையை உள்ளூரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கனடாவில இருந்து வந்த சித்தப்பா ஊர்மண் கொண்டுபோகக் கேக்கிறார். எலும்பை எடுத்துக் கொழும்பில வைக்கவும் யோசிக்கிறம்.

மண் வேண்டாம். கனடாவும் அவுஸ்திரேலியாவும் அனுமதியில்லாமல் மண்ணை உள்ளே விடா, விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். விதை, கன்றுக்கும் அதேதான். கல்லறைப் படமும் கல்வெட்டின் போட்டோக் கொப்பியும் கொடுத்துவிடுங்கள்.

கல்லறையைத் திறப்பது வேறு விஷயம். குடும்பம் சம்மதித்தாலும் மேசனைப் பிடித்துத் தோண்ட முடியாது. சேமக்காலைக்குப் பொறுப்பானவரும் உள்ளூராட்சிச் சபையும் எழுத்தில் அனுமதி தரவேண்டும், கொழும்பில் வைக்கும் இடத்திலும் முதலே ஒப்புதல் இருக்க வேண்டும். கேட்பவர்களில் பலர் கல்லறையை ஒருமுறை துப்புரவாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை புல்லு வெட்ட ஊரில் ஒருவருக்குக் காசு ஒழுங்கு செய்துவிட்டு இந்த யோசனையை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காசை முழுவதும் முற்கூட்டியே கொடுக்காதீர்கள். வெட்டிய பிறகு போனில் படம் வரட்டும், பிறகு அனுப்புங்கள்.